தண்டனையிலிருந்து வாழ்விட உரிமைக்கு: இந்தியக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் வளர்ச்சி

குடும்பத்துக்குள் வன்முறைக்கு ஆளாகும் பெண்ணுக்குச் சட்டம் என்ன செய்ய வேண்டும் என்னும் வினாவுக்கு, இந்தியாவில் முக்கால் நூற்றாண்டுக் காலத்தில் மூன்று வேறுபட்ட விடைகள் தரப்பட்டுள்ளன. 1946ஆம் ஆண்டின் சட்டம் கொடுமைக்கு ஆளான மனைவிக்குக் கணவனை விட்டு விலகி வாழும் உரிமையை அளித்தது. 1983ஆம் ஆண்டின் திருத்தம் கொடுமை செய்தவனைச் சிறைக்கு அனுப்ப வழி செய்தது. 2005ஆம் ஆண்டின் சட்டமோ, தான் வாழ்ந்துவந்த வீட்டிலேயே அச்சமின்றித் தொடர்ந்து வாழும் உரிமை அப்பெண்ணுக்கு உண்டு என்றது. இம்மூன்று விடைகளுக்கும் இடையிலான பயணத்தை ஆராயும் இக்கட்டுரை, குற்றவாளியை நோக்கியிருந்த சட்டத்தின் பார்வை பாதிக்கப்பட்டவரை நோக்கித் திரும்பியதில் வாழ்விட உரிமையே திருப்புமுனையாக அமைந்தது என்றும், அவ்வுரிமையை வீட்டு வாசல்வரை கொண்டுசேர்க்கும் நிர்வாக அமைப்பு இன்னும் முழுமை பெறவில்லை என்றும் நிறுவ முயல்கிறது.

விலகி வாழும் உரிமை

1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் கணவன் மனைவியை அடிப்பதற்கெனத் தனிப் பிரிவு எதுவும் இல்லை. அத்தகைய அடி, அயலார் இருவருக்கிடையே நிகழும் அடிதடியைப் போலவே 'காயம் விளைவித்தல்' என்னும் பொதுக் குற்றமாகக் கருதப்பட்டது. சாதாரணக் காயம் குறித்த 323ஆம் பிரிவில், நடுவரின் ஆணையின்றிக் காவல்துறை புலன்விசாரணை செய்ய இயலாது என்பதால், காவல் நிலையத்துக்கு வந்த மனைவியரைக் குடும்ப விவகாரம் என்று கூறித் திருப்பியனுப்புவதற்குச் சட்டமே இடமளித்தது. 1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 488ஆம் பிரிவு, கைவிடப்பட்ட மனைவிக்கு ஜீவனாம்சம் வழங்கக் கணவனுக்கு உத்தரவிடும் அதிகாரத்தை நடுவருக்கு அளித்திருந்தபோதிலும், அதன் நோக்கம் மனைவி வறுமையில் வீழ்ந்து தெருவில் நிற்காமல் தடுப்பதே அன்றி, வன்முறையைத் தடுப்பதன்று.

இந்நிலையில் 1946ஆம் ஆண்டில், மணமான இந்துப் பெண்கள் தனித்து வாழவும் ஜீவனாம்சம் பெறவும் உரிமையளிக்கும் சட்டம் இயற்றப்பட்டது. கணவனின் கொடுமை, கைவிடுதல், மறுமணம், மதமாற்றம் முதலிய காரணங்களில் ஒன்றைக் காட்டினால், மணவிலக்கு இன்றியே மனைவி தனி வாழ்விடமும் வாழ்க்கைச் செலவும் கோரலாம் என்றது அச்சட்டம். இவ்வுரிமை பின்னர் 1956ஆம் ஆண்டின் இந்து மகவேற்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் 18ஆம் பிரிவில் இடம்பெற்றது. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டத்தில் கொடுமை என்பது நீதிமுறைப் பிரிவினைக்கு மட்டுமே காரணமாக இருந்தது. அது மணவிலக்குக்கான காரணமாக ஏற்கப்பட 1976ஆம் ஆண்டின் திருத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இச்சட்டங்கள் அனைத்திலும் பொதுவாகக் காணப்படும் முன்முடிவு ஒன்றுண்டு: வன்முறை நிகழ்ந்தால் வீட்டை விட்டு வெளியேற வேண்டியவர் பெண்ணே என்பதுதான் அது.

தண்டனையின் காலம்

வரதட்சணைத் தடைச் சட்டம் 1961ஆம் ஆண்டில் நிறைவேறியது. இரு அவைகளுக்கிடையே எழுந்த கருத்து வேறுபாட்டைத் தீர்ப்பதற்காக நாடாளுமன்றத்தின் முதல் கூட்டு அமர்வு இம்மசோதாவுக்காகவே கூட்டப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது. எனினும் ஆறு மாதச் சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம் என்னும் உச்ச வரம்புடனும், காவல்துறை தானாக நடவடிக்கை எடுக்க இயலாத குற்றம் என்னும் தகுதியுடனும் பிறந்த அச்சட்டம் பெரும்பாலும் ஏட்டளவிலேயே நின்றது. 1970களின் இறுதியில் தில்லியிலும் பிற நகரங்களிலும் இளம் மனைவியர் 'அடுப்பு வெடித்து' இறந்ததாகப் பதிவு செய்யப்பட்ட மரணங்கள் பெருகியபோது, பெண்கள் அமைப்புகள் அவை விபத்துகள் அல்ல, கொலைகள் எனக் கூறி வீதிக்கு வந்து போராடின.

இப்போராட்டத்தின் நேரடி விளைவே 1983ஆம் ஆண்டின் இரண்டாம் குற்றவியல் திருத்தச் சட்டம். இதன்மூலம் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 498-அ பிரிவு, கணவனோ அவனுடைய உறவினரோ மனைவிக்கு இழைக்கும் கொடுமையை மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய தனிக் குற்றமாக்கியது. பெண்ணைத் தற்கொலைக்குத் தூண்டக்கூடிய அல்லது அவளுடைய உடலுக்கோ மனத்துக்கோ கடுங்கேடு விளைவிக்கக்கூடிய நடத்தையும், பொருள் கேட்டுத் துன்புறுத்தலும் 'கொடுமை' என வரையறுக்கப்பட்டன. திருமணமான ஏழு ஆண்டுகளுக்குள் மனைவி தற்கொலை செய்துகொண்டு, அவள் கொடுமைக்கு ஆளானதும் மெய்ப்பிக்கப்பட்டால், அதற்குக் கணவனோ அவனுடைய உறவினரோ உடந்தை என நீதிமன்றம் ஊகிக்கலாம் என்று சாட்சியச் சட்டமும் திருத்தப்பட்டது. 1986ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்ட 304-ஆ பிரிவு 'வரதட்சணை மரணம்' என்னும் புதிய குற்றத்தை உருவாக்கி, அதற்குக் குறைந்தது ஏழு ஆண்டுச் சிறை என விதித்தது.

நான்கு சுவர்களுக்குள் நிகழும் வன்முறையும் அரசின் அக்கறைக்குரியதே என்று முதன்முறையாக அறிவித்த வகையில் இத்திருத்தங்களின் வரலாற்று முக்கியத்துவம் பெரிது. ஆயினும் அவற்றின் குறைகள் விரைவில் வெளிப்பட்டன. தண்டனைச் சட்டம் கணவனைக் கைது செய்தது. ஆனால் புகார் அளித்த பெண் அன்றிரவு எங்கே தங்குவாள், குழந்தைகளுக்கு யார் உணவளிப்பார் என்பவற்றுக்கு அது விடையளிக்கவில்லை. மணவுறவு இல்லாத தாய், சகோதரி, திருமணமின்றி இணைந்து வாழும் பெண் ஆகியோர் தம் வீட்டு ஆண்களால் துன்புறும்போது 498-அ பிரிவு அவர்களுக்குப் பயன்படவில்லை. ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டும் என்னும் குற்றவியல் அளவுகோல், சாட்சிகளே இல்லாத வீட்டு வன்முறையில் பெரும் சுமையாகியது. கைது அதிகாரம் தவறாகப் பயன்படுத்தப்படுவதாக எழுந்த முறையீடுகளின் பின்னணியில், 2014ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் இத்தகைய வழக்குகளில் இயந்திரத்தனமாகக் கைது செய்யக்கூடாது என நெறிமுறை வகுத்தபின், தண்டனைப் பாதை மட்டுமே போதாது என்பது மேலும் தெளிவாகியது.

புதிய சட்டத்தின் பிறப்பு

இக்குறைகளை நிரப்பும் சிந்தனை, பன்னாட்டுத் தளத்திலும் உள்நாட்டு மகளிர் இயக்கத்திலும் ஒருசேர வளர்ந்தது. ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை 1985ஆம் ஆண்டில் குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கான நீதியின் அடிப்படை நெறிகளையும், 1993ஆம் ஆண்டில் பெண்கள் மீதான வன்முறையை ஒழிப்பதற்கான பிரகடனத்தையும் ஏற்றது. பெண்களுக்கு எதிரான அனைத்துப் பாகுபாடுகளையும் ஒழிக்கும் உடன்படிக்கையை இந்தியா 1993ஆம் ஆண்டில் உறுதிசெய்தது. பெண்கள் மீதான வன்முறை குறித்த ஐ.நா.வின் முதல் சிறப்பு அறிக்கையாளராகப் பணியாற்றிய இலங்கைத் தமிழரான சட்ட அறிஞர் ராதிகா குமாரசுவாமி, 1996ஆம் ஆண்டில் குடும்ப வன்முறைச் சட்டத்துக்கான முன்மாதிரி வரைவைச் சமர்ப்பித்தார்.

இந்தியாவில் வழக்கறிஞர் இந்திரா ஜெய்சிங் முன்னின்று நடத்திய லாயர்ஸ் கலெக்டிவ் அமைப்பு, உரிமையியல் நிவாரணங்களை மையமாகக் கொண்ட வரைவொன்றை உருவாக்கியது. ஆனால் அரசு 2002ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய மசோதா, 'வழக்கமாக' அடிப்பதையே வன்முறை எனக் குறுக்கியதோடு, தன்னையோ தன் சொத்தையோ காக்கும் பொருட்டுச் செய்த செயல் வன்முறையாகாது என்னும் விதிவிலக்கையும் கொண்டிருந்தது. ஒருமுறை அடிப்பது குற்றமில்லையா என்னும் கேள்வியுடன் மகளிர் அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. நாடாளுமன்ற நிலைக்குழுவும் மாற்றங்களைப் பரிந்துரைத்தது. அம்மசோதா கைவிடப்பட்டு, குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005ஆம் ஆண்டில் நிறைவேறி, 2006 அக்டோபர் 26 அன்று நடைமுறைக்கு வந்தது.

இச்சட்டத்தின் 3ஆம் பிரிவு வன்முறையை உடல்சார்ந்தது, பாலியல் சார்ந்தது, சொல்லாலும் உணர்வாலும் இழைக்கப்படுவது, பொருளாதாரம் சார்ந்தது என நால்வகைப்படுத்துகிறது. திருமண உறவுக்குள் நிகழும் வன்புணர்வைத் தண்டனைச் சட்டம் இன்றளவும் குற்றமாக ஏற்காத நிலையில், மனைவி மீதான பாலியல் வன்முறைக்கு நிவாரணம் கோரும் வழியை இப்பிரிவே திறந்துள்ளது. பாதிக்கப்பட்ட பெண் நடுவர் நீதிமன்றத்தில் மனுச் செய்து, வன்முறையைத் தடுக்கும் பாதுகாப்பு ஆணை, வாழ்விட ஆணை, பண நிவாரணம், குழந்தைகளின் இடைக்காலப் பொறுப்பு, இழப்பீடு ஆகியவற்றைப் பெறலாம். முதல் விசாரணை இயல்பாக மூன்று நாள்களுக்குள் நடைபெற வேண்டும். அதிலிருந்து அறுபது நாள்களுக்குள் மனுவை முடித்துவைக்க நடுவர் முயல வேண்டும். உரிமையியல் நிவாரணமும் குற்றவியல் கண்டிப்பும் இதில் இணைந்துள்ளன. பாதுகாப்பு ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறையோ 20,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.

வீடு யாருடையது?

சட்டத்தின் இதயமாக விளங்குவது 17ஆம் பிரிவு. வீட்டில் தனக்கு உடைமையுரிமை இருந்தாலும் இல்லாவிட்டாலும், குடும்ப உறவில் உள்ள ஒவ்வொரு பெண்ணுக்கும் 'பகிர்ந்து வாழும் இல்லத்தில்' வசிக்கும் உரிமை உண்டு என்று அது கூறுகிறது. குடும்ப உறவில் ஒன்றாக வாழ்ந்த அல்லது வாழ்ந்துவரும் வீடே பகிர்ந்து வாழும் இல்லமாகும். நூற்றாண்டுக் காலமாகச் சொத்துரிமையின் நிழலில் நின்ற பெண்ணை, வசிப்பவர் என்னும் தகுதியாலேயே உரிமையுடையவராக ஏற்றது என்பதே இப்பிரிவின் புரட்சி.

அந்தப் புரட்சியின் எல்லையை நீதிமன்றங்களே முதலில் சுருக்கின. சட்டம் நடைமுறைக்கு வந்த இரண்டே மாதங்களில், 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், மாமியாரின் பெயரில் உள்ள வீடு மருமகளுக்குப் பகிர்ந்து வாழும் இல்லமாகாது என்றும், கணவன் உரிமையாளராகவோ வாடகைதாரராகவோ உள்ள வீடும், அவன் அங்கம் வகிக்கும் கூட்டுக் குடும்பத்தின் வீடுமே அவ்வாறு ஆகும் என்றும் தீர்ப்பளித்தது. மணமக்கள் கணவனின் பெற்றோர் வீட்டில் வாழ்வதே வழக்கமாக உள்ள நாட்டில், இத்தீர்ப்பு எண்ணற்ற பெண்களின் உரிமையைப் பதினான்கு ஆண்டுகள் முடக்கியது. 2020 அக்டோபரில் மூன்று நீதிபதிகள் அமர்வு அத்தீர்ப்பைத் தவறு என அறிவித்து, ஓரளவு நிலைத்த தன்மையுடன் வாழ்ந்திருந்தால் கணவனின் உறவினருக்குச் சொந்தமான வீடும் பகிர்ந்து வாழும் இல்லமே என்றது. அதே ஆண்டு டிசம்பரில், மூத்த குடிமக்கள் சட்டத்தின் சுருக்க நடைமுறையைக் கொண்டு மருமகளின் இவ்வுரிமையைப் பறிக்க இயலாது என்றும் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. முதியோரின் அமைதியான வாழ்வும் பெண்ணின் வாழ்விட உரிமையும் ஒன்றுக்கொன்று பகையாகாமல் சமன்செய்யப்பட வேண்டும் என்பதையும் இத்தீர்ப்புகள் வலியுறுத்தின.

பிற தீர்ப்புகளும் சட்டத்தின் வரம்பை வரையறுத்தன. தமிழகத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் 2010ஆம் ஆண்டில், திருமணம் போன்ற உறவு என ஏற்கப்படுவதற்கான தகுதிகளை உச்ச நீதிமன்றம் வகுத்தது. 2016ஆம் ஆண்டில், எதிர்மனுதாரர் வயதுவந்த ஆணாகவே இருக்க வேண்டும் என்னும் சொற்கள் அரசமைப்புக்கு முரணானவை என நீக்கப்பட்டன. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகச் சென்ற மற்றொரு வழக்கில் 2022ஆம் ஆண்டில், நிவாரண மனு தாக்கல் செய்ய ஓராண்டுக் காலவரம்பு பொருந்தாது என்று தீர்ப்பளிக்கப்பட்டது.

குற்றத்தால் பாதிக்கப்பட்டோர் என்னும் தகுதி

இதற்கு இணையாகக் குற்றவியல் நடைமுறையிலும் மாற்றம் நிகழ்ந்தது. நெடுங்காலம் குற்றவியல் வழக்கு என்பது அரசுக்கும் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கும் இடையிலானதாகவே இருந்தது. பாதிக்கப்பட்டவர் வெறும் சாட்சியாக நின்றார். 2008ஆம் ஆண்டில் நிறைவேறி, அடுத்த ஆண்டின் இறுதி நாளில் நடைமுறைக்கு வந்த திருத்தம், 'பாதிக்கப்பட்டவர்' என்னும் சொல்லுக்கு முதன்முறையாக வரையறை அளித்து, விடுதலைத் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமையையும், குற்றவாளி பிடிபடாதபோதும் அரசிடமிருந்து இழப்பீடு பெறுவதற்கான 357-அ பிரிவையும் சேர்த்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்கு மாற்றாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா இவற்றைத் தொடர்வதோடு, விசாரணையின் முன்னேற்றத்தைத் தொண்ணூறு நாள்களுக்குள் பாதிக்கப்பட்டவருக்குக் காவல்துறை தெரிவிக்க வேண்டும் என்னும் கடமையையும் விதிக்கிறது. பழைய 498-அ பிரிவு, இந்திய தண்டனைச் சட்டத்துக்கு மாற்றாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 85, 86ஆம் பிரிவுகளாக இடம்பெற்றுள்ளது.

தாளிலிருந்து வாசலுக்கு

உரிமைகள் விரிந்த அளவுக்கு அவற்றை அடையும் வழி விரியவில்லை. 2019-21ஆம் ஆண்டுகளின் ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வு, 18 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களுள் ஏறத்தாழ 29 விழுக்காட்டினர் கணவரால் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளாகியுள்ளதைப் பதிவு செய்தது. தமிழகத்தில் இது 38 விழுக்காடு. நாடு முழுவதும் வன்முறைக்கு ஆளானோருள் உதவி தேடியவர்கள் 14 விழுக்காட்டினரே. 1992ஆம் ஆண்டில் சென்னை ஆயிரம் விளக்கில் அனைத்து மகளிர் காவல் நிலையத்தைத் தொடங்கி, பின்னர் மாநிலம் முழுவதும் அத்தகைய நிலையங்களை விரிவுபடுத்திய தமிழகத்திலேயே நிலை இதுவென்றால், புகார் பெறும் இடங்களைப் பெருக்குவது மட்டும் போதாது என்பது விளங்கும்.

2005ஆம் ஆண்டின் சட்டம் இதை முன்னுணர்ந்தே 'பாதுகாப்பு அலுவலர்' என்னும் பதவியை உருவாக்கியது. வன்முறை குறித்த அறிக்கையைத் தயாரித்து நடுவருக்கு அனுப்புதல், மனு எழுத உதவுதல், சட்ட உதவியும் மருத்துவமும் தங்குமிடமும் கிடைக்கச் செய்தல், பண நிவாரண ஆணை நிறைவேறுவதை உறுதிசெய்தல் ஆகியன அவருடைய கடமைகள். பல இடங்களில் வேறு பணிகளைச் சுமக்கும் அலுவலரிடமே இப்பொறுப்பும் கூடுதலாக ஒப்படைக்கப்பட்டுள்ளது. சட்டம் நடைமுறைக்கு வந்து ஏறத்தாழ பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின், 2025 மே மாதத்தில், மாவட்ட, வட்ட அளவில் பாதுகாப்பு அலுவலர்களை அமர்த்துமாறு உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு ஆணையிட வேண்டியிருந்தது என்பதே இக்குறையின் ஆழத்தைக் காட்டுகிறது.

முடிவுரை

விலகிச் செல், தண்டிக்கச் செய், உன் வீட்டில் வாழ் என மூன்று கட்டங்களாக வளர்ந்த இந்த வரலாற்றில், ஒவ்வொரு கட்டமும் முந்தையதன் குறையைச் சுட்டிக்காட்டிய பெண்களின் போராட்டத்தால் பிறந்தது. சட்டத்தின் சொற்களைப் பொறுத்தவரை பாதிக்கப்பட்டவரே இன்று நடுவில் நிற்கிறார். ஆனால் அறுபது நாளில் முடிய வேண்டிய மனு ஆண்டுக்கணக்கில் நீளுமாயின், வாழ்விட ஆணை கைக்கு வருமுன் அப்பெண் வீட்டை விட்டு வெளியேறியிருப்பாள். சட்டம் 1946ஆம் ஆண்டின் விடைக்கே திரும்பிச் சென்றுவிடும். ஆகவே முழுநேரப் பாதுகாப்பு அலுவலர்களும், அவர்களுக்கான நிதி ஒதுக்கீடும், காலவரம்பைப் பேணும் நீதிமன்றங்களும் நிர்வாக வசதிகள் என்னும் அளவில் நிற்பவை அல்ல. 17ஆம் பிரிவு அளித்த உரிமையின் பிரிக்க இயலாத கூறுகள் அவை.