ஷாகோவும் அரக்கும்

நெப்போலியன் காலத்துப் போர் ஓவியங்களில் சிப்பாய்களின் தலையில் உருளையாக நிமிர்ந்து நிற்கிறதே, அந்தத் தொப்பியின் பெயர் ஷாகோ. பிறந்த இடம் ஹங்கேரி. அங்கே குதிரைப்படையினர் அணிந்த முனை வைத்த தொப்பியைச் 'சாகோஷ் ஷுவெக்' என்றார்கள். 'ஷுவெக்' என்றால் தொப்பி. நாளடைவில் அது உதிர்ந்துபோய், முனையைச் சொல்லும் பகுதியே பெயராக நிலைத்தது. அதன் வேர் ஜெர்மன் மொழியில் கூர்முனையைக் குறிக்கும் 'ட்ஸாக்கே' என்பது பலர் கருத்து. 1806இல் பிரெஞ்சுக் காலாட்படை ஷாகோவை ஏற்றது. பிற ஐரோப்பியப் படைகளிலும் அது பரவியது.

முனை இருக்கட்டும், தொப்பி எப்படி விறைத்து நின்றது?

ஷாகோவைச் செய்த ஃபெல்ட் நெய்த துணியல்ல, அழுத்திய உரோமம். உரோம இழைகளின் மேல் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. வெந்நீர் விட்டு அழுத்திப் பிசையப் பிசைய இழைகள் ஒன்றோடொன்று சிக்கிச் சுருங்கும். அதனால் முதலில் மிகப் பெரிய கூம்பாகச் செய்து, சுருங்கியபின் மர அச்சில் இழுத்துப் பொருத்துவார்கள். முயல் உரோமம் எளிதில் சிக்காது. அதற்குப் பாதரசத்தை நைட்ரிக் அமிலத்தில் கரைத்துத் தடவினார்கள். அதிலிருந்து எழுந்த பாதரச ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்குக் கை நடுங்கியது, மனம் கலங்கியது. தொப்பித் தொழிலுக்குப் பேர்போன அமெரிக்க நகரமான டான்பரியில் இதை 'டான்பரி நடுக்கம்' என்றே அழைத்தார்கள். அந்த நாட்டில் தொப்பித் தொழிலிலிருந்து பாதரசம் விலக்கப்பட்டது 1941இல்தான். எவ்வளவு தாமதம்!

விறைப்பூட்ட விலங்குப் பசை போதவில்லை. மழையில் ஊறினால் இளகிவிடும். அந்தக் குறையைத் தீர்த்தது அரக்கு. இந்தியக் காடுகளில் புரசு, இலந்தை மரக்கிளைகளில் ஒரு சிறு பூச்சி சுரப்பது கொம்பரக்கு. அதைச் சுத்தம் செய்து உருக்கி மெல்லிய தகடாக இழுத்தால் அவலரக்கு. சாராயத்திலோ வெண்காரம் கலந்த வெந்நீரிலோ அதைக் கரைத்து ஃபெல்டில் ஏற்றினால், காய்ந்ததும் பலகையாக நிற்கும். மழைக்கு அசையாது, நீராவி காட்டினால் இளகும், அச்சில் மீண்டும் வடிவம் கொடுக்கலாம். ஆங்கிலத்தின் 'ஷெல்லாக்'கில் உள்ள 'லாக்' வடமொழி 'லாக்ஷா'வின் வழிவந்தது. நம் 'அரக்கு'ம் அந்தக் குடும்பமே என்பார்கள்.

படை வரலாற்று நூல்கள் ஷாகோவின் இறகையும் பித்தளைத் தகட்டையும் பக்கம் பக்கமாக வருணிக்கின்றன. அரக்குச் சேகரித்த காட்டுமக்களுக்கும் பாதரச ஆவியில் நின்ற தொழிலாளர்களுக்கும் அவற்றில் ஓர் அத்தியாயமாவது ஒதுக்க வேண்டும்.