போரை வரைந்த தூரிகைகள்

திருகோணமலைக் கோட்டை வாயிலைக் கடந்து கோணேசர் கோயிலை நோக்கி நடப்போர் வழியில் ஒரு பழைய வீட்டைக் காண்பர். ஆர்தர் வெல்லெஸ்லி தங்கியிருந்தமையால் இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. பின்னாளில் வெல்லிங்டன் கோமகனாகி, வாட்டர்லூவில் நெப்போலியனை வென்றவர் இவரே. 1800ஆம் ஆண்டின் இறுதியில், கடல் கடந்த படையெடுப்புக்காகத் திரட்டப்பட்ட சேனையின் தலைவராக அவர் இத்துறைமுகத்தில் இருந்தார். அதே ஆண்டில் லண்டன் மக்கள் ஒரு போர்ப்படத்தைக் காணத் திரண்டனர். அப்படத்துக்கும் இவ்வீட்டுக்கும் உள்ள உறவை நாம் சிறிது ஆராய்வோம்.

1799 மே 4ஆம் நாள் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு சுல்தான் போரிட்டே மடிந்தார். ஏறத்தாழ ஓராண்டு கழித்து, ராபர்ட் கெர் போர்ட்டர் என்ற இளம் ஓவியர் அக்காட்சியை 120 அடி நீளமான திரைச்சீலையில் தீட்டி, லண்டன் லைசியம் மண்டபத்தில் வைத்தார். அவர் இந்தியாவைக் கண்டவரல்லர். படத்துடன் விளக்க நூலும் விற்கப்பட்டது. பின்னர் அச்சீலை ஊர் ஊராகப் பயணம் செய்து அமெரிக்க நகரங்களையும் அடைந்தது. மூலப்படம் இன்று இல்லை. அதன் செதுக்கோவிய அச்சுகளே எஞ்சியுள்ளன.

படத்தின் நாயகர் கோட்டை மீது பாய்ந்த படைக்குத் தலைமை தாங்கிய தளபதி பெயர்டு. இவர் யார்? 1780 செப்டம்பர் 10ஆம் நாள், காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் ஐதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை நிர்மூலமாக்கியபோது கைதாகி, மூன்றாண்டுகளுக்கு மேல் இதே சீரங்கப்பட்டணத்தில் சிறையிருந்தவர். லண்டன் வாசி கண்டது பழி தீர்த்த வீரனின் கதை. கும்பினி அந்த மண்ணில் ஏன் நின்றது என்ற வினாவை அப்படம் எழுப்பவில்லை.

பொள்ளிலூர்ப் போருக்கும் ஓவியம் உண்டு. அதைத் திப்பு சீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் தீட்டச் செய்தார். வெடிமருந்து வண்டி தீப்பற்றிச் சிதறுகிறது. காயமுற்ற பெய்லி பல்லக்கில் அமர்ந்திருக்கிறார். வென்றவரின் ஓவியம் மண்டபங்களில் ஊர்வலம் வந்தது. தோற்றவரின் ஓவியம் சுவரோடு நின்றது. சீரங்கப்பட்டணத்தின் நிர்வாகத்தை ஏற்ற வெல்லெஸ்லி அம்மாளிகையிலேயே குடியிருந்து, சிதைந்திருந்த அச்சுவரோவியத்தைச் செப்பனிடச் செய்தார் என்பது வரலாற்றின் விந்தை. எதிரியின் வெற்றிச் சின்னமும் வென்றவனின் உடைமையாயிற்று! 2022இல், இக்காட்சியைக் காட்டும் 32 அடி நீளக் காகித ஓவியம் லண்டன் ஏலத்தில் 6,30,000 பவுணுக்கு விலைபோனது.

ஒன்று வெற்றியைப் பரப்பியது. மற்றொன்று வெற்றியை நினைவில் வைத்தது. இரண்டிலும் நடுநாயகமாக நிற்பவர் தலைவர்களே. கும்பினிக்காகத் துப்பாக்கி ஏந்திய சென்னை மாகாணத்துச் சிப்பாய்களும், பீரங்கி இழுத்த மாட்டுக்காரர்களும், பொதி சுமந்தவர்களும் பெயரற்ற கூட்டமாகவே ஒதுங்கினர். திருகோணமலையில் வெல்லெஸ்லி திரட்டிய படையின் தலைமை விரைவில் அவரிடமிருந்து பெயர்டுக்கு மாற்றப்பட்டது. அந்த மனக்கசப்பை வரலாற்றாசிரியர் விரிவாக எழுதுகின்றனர். அப்படைக்கு மூட்டை ஏற்றிய கைகளைப் பற்றி எத்தனை பேர் எழுதினர்?

1942 ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தின் மீது குண்டு பொழிந்தன. போரிட்ட அரசுகள் இரண்டுமே அந்நாளில் ஓவியரை அமர்த்திப் போர்ப்படக் கண்காட்சிகளை நடத்தின. பிரித்தானியாவில் அதற்கெனத் தனிக் குழுவே இயங்கியது. ஆனால் 1943இல் வங்கப் பஞ்சத்தின் எலும்புக்கூடுகளைச் சித்தப்பிரசாத் வரைந்து நூலாக்கியபோது, காலனி அரசு பிரதிகளைக் கைப்பற்றி அழித்தது. போரைப் போற்றும் படத்துக்குப் பயணச்சீட்டு. போர்க்காலப் பசியைக் காட்டும் படத்துக்குத் தீ!

அக்கோட்டையையே பாருங்கள். 1622இல் போர்த்துக்கேயர் இடித்த கோயிலின் கற்களும் அதன் சுவர்களில் உள்ளன. எவர் இடித்தார், எவர் கட்டுவித்தார் என்பதை நூல்கள் கூறுகின்றன. அக்கற்களைச் சுமந்தவர் யார் என்று கேட்க நம் மாணவருக்குக் கற்பிப்போமாயின், போர்ப்படம் எதைக் கண்டாலும் அதில் இல்லாத முகங்களை அவர்களே தேடிக்கொள்வர்.