9,000 கி.மீ. மட்டுமே ஓடிய செகண்ட் ஹேண்ட் பைக்: மயிலாடுதுறையில் வாங்கும் முன் எதையெல்லாம் பார்க்கணும்?

புது 125 சிசி பைக்கின் ஆன்-ரோடு விலை ஒரு லட்சம் ரூபாயைச் சுற்றி நிற்கிறது. அறுவடைப் பணத்தில் வண்டி எடுக்க நினைப்பவர்கள் பலரும் 'கம்மியா ஓடின' பழைய பைக்கைத் தேடுகிறார்கள். மீட்டரில் தெரியும் எண்ணை மட்டும் நம்பி வாங்கலாமா?

மீட்டரை எப்படிச் சரிபார்ப்பது?

5 வருட வண்டி 9,000 கி.மீ. என்றால், ஒரு நாளைக்கு சராசரியாக 5 கி.மீ. தான் ஓடியிருக்கிறது. அப்படியென்றால் ஃபுட்ரெஸ்ட் ரப்பர், கைப்பிடி, பிரேக் பெடல் எல்லாம் அதிகம் தேயாமல் இருக்கணும். சர்வீஸ் புக்கில் உள்ள கிலோமீட்டர் வரிசையாக ஏறுகிறதா என்று பாருங்கள். டயரில் 4 இலக்க எண் இருக்கும். '2321' என்றால் 2021-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. 9,000 கி.மீ.க்குள்ளேயே டயர் மாற்றியிருந்தால், ஏன் என்று கேளுங்கள்.

ஓடாத வண்டியிலும் சிக்கல் உண்டா?

உண்டு. மாதக்கணக்கில் நின்ற வண்டியில் பெட்ரோல் பிசின் மாதிரி படிந்து கார்புரேட்டரையோ இன்ஜெக்டரையோ அடைக்கும். பேட்டரி இறங்கிப்போகும், டயரில் வெடிப்பு விழும். தரங்கம்பாடி, பூம்புகார் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று சேர்ந்து செயின், சைலன்சர், டேங்கின் உட்புறம் துருப்பிடிக்கும். இந்தச் செலவையும் கணக்குப் போட்டே விலை பேசணும்.

மழைநீரில் மூழ்கிய வண்டியா?

வடகிழக்குப் பருவமழையில் டெல்டாவில் தண்ணீர் நிற்பது வழக்கம். இன்ஜின் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தாலோ, ஹெட்லைட்டுக்குள்ளோ சீட்டுக்கு அடியில் ஒயரிங்கிலோ சேறு இருந்தாலோ உஷார்.

காரைக்கால் வண்டி வாங்கலாமா?

பக்கத்து ஊர்தான் என்றாலும் காரைக்கால் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்தது. பி.ஒய். 02 எண் வண்டிக்கு அங்கிருந்து தடையில்லாச் சான்று (படிவம் 28) வாங்கி, இங்கே வரி கட்டி, தமிழ்நாட்டுப் பதிவெண் பெறணும். அந்தச் செலவு யாருடையது என்பதை முன்கூட்டியே பேசி முடிப்பது நல்லது.

பேர் மாற்றாமல் ஓட்டினால் என்ன ஆகும்?

இதுதான் முக்கியம். யார் ஓட்டினாலும், பதிவில் பெயர் உள்ளவரே சட்டப்படி உரிமையாளர் என்று விபத்து இழப்பீட்டு வழக்கு ஒன்றில் 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால் விற்றவருக்கும் ஆபத்து. வாங்கியவரும் தன் பெயரில் இன்ஷூரன்ஸ் இல்லாமல் வண்டி சேதத்துக்கு க்ளெய்ம் கேட்டால் சிக்கல்தான்.

* படிவம் 29, 30-ல் கையெழுத்தான பிறகே முழுப்பணம் கொடுங்கள்.
* மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளிலும், வாங்கியவர் 30 நாளிலும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்கணும்.
* ஆர்.சி.யில் கடன் பதிவு இருந்தால், நிதி நிறுவனத்தின் படிவம் 35-உம் என்.ஓ.சி.யும் தேவை.
* இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள்.
* எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு பதிவுத் தேதியையும், இ-சலான் தளத்தில் அபராத பாக்கியையும் பாருங்கள்.

20,000 கி.மீ. ஓடி, சர்வீஸும் பேப்பரும் சரியாக இருக்கும் வண்டி, கணக்கு இல்லாத 9,000 கி.மீ. வண்டியைவிட மேல். தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப்போய், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து பார்த்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.