புனித அகுஸ்தினார் கேட்ட சம்பளம்

மறைவல்லுநரும் ஆயருமான புனித அகுஸ்தினாரை நாம் அனைவரும் அறிவோம். ஆனால் அவர் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் சம்பளத்துக்குப் பாடஞ் சொன்ன ஆசிரியர் என்பதையும், அவ்வேலையை விட்ட பின் வீட்டிலே பிள்ளைகளுக்குக் கற்பித்தார் என்பதையும் நம்மில் பலர் அறியோம். பெற்றோரும் ஆசிரியரும் படித்துப் பயன்பெற வேண்டிய வரலாறு அது.

கி.பி. 354-இல் வட ஆப்பிரிக்காவின் தகாஸ்தே நகரில் பிறந்தார். மேற்படிப்புக்குத் தந்தையிடம் பொருள் போதாதபோது கைகொடுத்தவர் அவ்வூர்ச் செல்வர் ரோமானியன். படிப்பு முடிந்ததும் தகாஸ்தேயிலும் கார்த்தேஜிலும் ஆசிரியரானார். 383-இல் உரோமைக்குச் சென்றார். அங்கே சம்பளம் கொடுக்கும் நாள் நெருங்கியதும் மாணவர்கள் கூட்டமாக வேறு ஆசிரியரிடம் ஓடிவிடுவார்களாம்! 384-இல் மிலான் நகரில் பேச்சுக்கலை ஆசிரியர் பதவி கிடைத்தது.

386-இல் அவர் மனந்திரும்பினார். நெஞ்சு நோயும் வாட்டியது. திராட்சை அறுவடை விடுமுறையோடு பதவியைத் துறந்து, நண்பர் வெரெகுந்துஸ் தந்த கசிசியாக்கும் பண்ணைவீட்டில் தங்கினார். தாய் மோனிக்கம்மாள், மகன் அதெயோதாத்துஸ், நண்பர் அலிப்பியுஸ் ஆகியோருடன் லிசென்சியுஸ், திரிகேசியுஸ் என்னும் இரு மாணவரும் இருந்தனர். லிசென்சியுஸ் ரோமானியனின் மகன்! அன்று பெற்ற உதவிக்குக் கல்வியால் கைம்மாறு செய்தார் அகுஸ்தினார்.

பகலில் பண்ணை வேலையைக் கவனிப்பார்கள். இரவு உணவுக்கு முன் விர்ஜில் நூலில் ஒரு பாகத்தில் பாதியைப் படிப்பார்கள். செய்யுளின் சீரிலும், இசையிலும், வடிவ கணிதத்திலும், விண்மீன்களின் ஓட்டத்திலும் எண்களே ஆளுகின்றன என்றும், எண்ணைப் பற்றி ஏறும் அறிவு இறைவனிடம் சேரும் என்றும் அவர் விளக்குவார். பேசியவை யாவும் உடனுக்குடன் எழுதப்பட்டன.

ஒருநாள் திரிகேசியுஸ் வாதத்தில் தவறினான். அதை எழுத வேண்டாம் என்று கெஞ்சினான். எழுதியே தீரவேண்டும் என்றான் லிசென்சியுஸ். ஆசிரியர் அவனைக் கண்டித்தார். அவன் நாணவே, இப்போது திரிகேசியுஸ் நகைத்தான். அறிவைத் தேட வந்த இடத்திலும் போட்டியும் பொறாமையுமா என்று அகுஸ்தினார் கலங்கினார். தம்மை ஆசிரியரென அவர்கள் மதித்தால், நல்லவர்களாக இருப்பதையே சம்பளமாகத் தரும்படி வேண்டினார். மேலே பேச விடாமல் கண்ணீர் தடுத்தது.

387 பாஸ்கு இரவில் புனித அம்புரோசியார் கையால் அகுஸ்தினாரும் மகனும் அலிப்பியுசும் ஞானஸ்நானம் பெற்றனர். லிசென்சியுசோ உலகப் புகழை நாடினான். ஏறத்தாழ 395-இல், ஆண்டுகள் பல சென்ற பின்னும், அந்த மாணவனுக்கு மடல் எழுதி மன்றாடினார் ஆசிரியர். பாடம் முடிந்தாலும் அவருடைய பொறுப்பு முடியவில்லை.

அன்பார்ந்த பெற்றோரே! நம் பிள்ளைகள் காலையும் மாலையும் டியூஷனுக்குச் செல்கின்றனர். மதிப்பெண் எத்தனை என்று நாம் தவறாமல் கேட்கிறோம். பக்கத்து வீட்டுப் பிள்ளை தோற்றபோது நம் பிள்ளை சிரித்தானா என்று கேட்கிறோமா? அதையும் கேட்கத் தொடங்குவோம். நல்லாசிரியருக்கு நாம் செலுத்தவேண்டிய சம்பளத்தின் பெரும்பகுதி அதுவே.