முத்துக்குளித்துறையில் ஆடைமாற்றமும் பழமை மீட்சியும்

ஒரு நாட்டின் வரலாற்றை ஆராய்வோர் கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் நாடுவர்; நாணயங்களை ஆய்வர். மக்கள் உடுத்த உடையைச் சான்றாகக் கொள்வோர் சிலரே. ஆடை மட்கி அழிவது உண்மை. ஆயினும் அதன் பெயர் மொழியில் நிலைத்து நிற்கிறது. அதன்பொருட்டு எழுந்த வழக்குகளும் கலகங்களும் ஆவணங்களில் பதிந்து கிடக்கின்றன. தூத்துக்குடியை நடுவாகக் கொண்ட முத்துக்குளித்துறையும் அதனை அடுத்த உள்நாடும் இவ்வகை ஆராய்ச்சிக்கு மிகவும் ஏற்ற நிலப்பகுதி எனலாம். சமுதாயம் நிலைகுலையுங் காலங்களில் மக்கள் புதிய உடையை மேற்கொள்வதும், கைவிட்ட பழைய உடையைத் தேடி எடுப்பதும் ஈண்டு ஒருங்கே நிகழ்ந்துள்ளன. பழமையை விரும்பியவர் யாவர், வெறுத்தவர் யாவர் என்று வினவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழரின் பண்டை உடை தையா உடையே. முல்லைப்பாட்டிற் பாசறையில் காணப்படும் யவனர் 'மெய்ப்பை' அணிந்தவர். உடலைப் பைபோல் மூடுவது என்னும் அச்சொல்லிலேயே, அவ்வுடை கண்டாரது வியப்பும் அடங்கியுள்ளது. கி.பி. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டிற்கு வந்த மார்க்கோ போலோ, இந்நாட்டில் தையற்காரரே இலர் என எழுதினார். மன்னனும் குடிகளைப் போலவே அரையில் ஆடையுடுத்து, முத்தும் மணியும் பூண்டிருந்தான் என்பது அவர் கண்டது. தையற்காரரே இலர் என்பது மிகைக் கூற்றாகும். துன்னகாரர் புகார் நகரில் வாழ்ந்ததைச் சிலப்பதிகாரம் கூறுகின்றது. ஆனால் உயர்வும் தாழ்வும் துணியின் வெட்டினால் அன்றி, அணியினாலும் துணியை உடுக்கும் முறையினாலும் அறியப்பட்டன என்னும் அளவில் அவர் கூற்று பொருந்துவதே.

இத்துறையின் பெருங்கலகம் ஒன்று அணியிலிருந்தே தொடங்கியமை குறிப்பிடத்தக்கது. கி.பி. 1530களில் முத்துக்குளிப்பின் ஆதாயம் பற்றிப் பரதவர்க்கும் முசுலிம் வணிகர்க்கும் இடையே பூசல் முற்றியிருந்தது. அந்நிலையில் பரதவர் ஒருவருடைய காது அணியோடு அறுக்கப்பட்டது என்றும், அச்சிறுமையைப் பொறாது பரதவர் போருக்கெழுந்தனர் என்றும் ஏசுசபையார் எழுதிவைத்துள்ளனர். பூசலின் வேர் வாணிகத்தில் இருந்தது. ஆயினும் அதனைத் தீயாக மூட்டியது ஒரு காதணி. பின்னர் அவர்கள் கொச்சியிலிருந்த போர்ச்சுகீசியரின் துணையை நாடி, 1535 முதல் 1537 வரையுள்ள காலத்தில் பெருந்திரளாகத் திருமுழுக்குப் பெற்றனர். சவேரியார் இக்கரைக்கு வந்தது 1542இல்.

புதிய சமயத்தோடு புதிய பெயர்கள் வந்தன. மோத்தா, கோஸ்தா, பர்னாந்து என்பன இன்றும் வழங்குகின்றன. தைத்த உடைக்குரிய சொற்களும் கப்பலேறி வந்தன. 'பொத்தான்' போர்ச்சுகீசியச் சொல். ஈழத்தமிழில் வழங்கும் 'சப்பாத்து', 'லேஞ்சி' என்பனவும் அம்மொழியினவே. பொத்தான் என்ற சொல்லைக் கடன்வாங்கிய மொழி, பொத்தான் இட்ட சட்டையையும் அவ்வழியே பெற்றிருத்தல் இயல்பு. பரதவருள் செல்வாக்குடைய குடியினர் 'மேசைக்காரர்' எனப்பட்டனர். மேசை என்பதும் அங்ஙனம் வந்த சொல்லே. ஐரோப்பியரின் வழிவந்தோரைச் 'சட்டைக்காரர்' என்றே தமிழ்மக்கள் வழங்கினர். இருவகைப் பெயரும் மக்களை அவர் கொண்ட புதிய பொருளால் அடையாளங்காட்டுவன.

இவ்வாறு கடற்கரையில் உயர்வுக்கு அறிகுறியான கோலம் உள்நாட்டில் இழிவுக்கு அறிகுறியாயிற்று. 1595 முதல் மதுரையில் தங்கியிருந்த கொன்சாலோ பெர்னாண்டஸ் என்னும் ஏசுசபைத் துறவி, அங்கு வந்த பரதவர்க்கே பெரும்பாலும் பணிசெய்ய முடிந்தது. மதுரை மக்கள் அவரைப் பரங்கியராகவும், அவர் சமயத்தைப் பரங்கியர் குலமாகவுமே கருதினர். முத்துக்குளித்துறையில் சில திங்கள் தமிழ் பயின்று 1606இல் மதுரை சேர்ந்த இராபர்ட் தெ நொபிலி இதனை உணர்ந்தார். கரிய அங்கியைக் களைந்து காவியுடுத்தார், பாதக்குறடு அணிந்தார், ஊனுணவை விடுத்தார். பெர்னாண்டஸ் இதனைக் கடிந்து முறையிட, வழக்குக் கோவாவையும் உரோமையையும் எட்டிற்று. 1623இல் பதினைந்தாம் கிரகோரி பாப்பரசர், புதிதாகச் சமயம் புகுந்தோர் பூணூலும் குடுமியும் சந்தனமும் கொள்வதற்கு இசைவு தந்தார். ஒரு நூலுக்காகவும் ஒரு குடுமிக்காகவும் உரோமை நகரில் ஏடுகள் எழுதப்பட்டன என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நொபிலி மீட்டெடுத்த பழமை யாருடைய பழமை என்பது ஆராயத்தக்கது. அக்காவி இத்தாலியரான அவர் முன்னோரது அன்று. கடற்கரைப் பரதவரது உடையும் அன்று. உள்நாட்டு மேற்குலத்தாரின் மதிப்பைப் பெற்ற துறவியின் கோலம் அது. அதனை அவர் மேற்கொண்டது, தமக்கு முன்னரே அச்சமயத்தைத் தழுவியிருந்த கடற்கரை மக்களினின்று தம்மை வேறுபடுத்திக் காட்டுதற்கும் ஆம். முத்துக்குளித்துறையார் இதனை எவ்வாறு ஏற்றிருப்பர் என்பதை அவர் வரலாற்றை எழுதியோர் பலர் எண்ணிப் பார்த்ததில்லை.

1658இல் தூத்துக்குடி ஒல்லாந்தர் கைப்பட்டது. அவர்கள் கத்தோலிக்க நெறிக்கு மாறானவர்கள். எனினும் பரதவர் தம் சமயத்தையும் போர்ச்சுகீசியப் பெயர்களையும் விட்டாரில்லை. ஒரு நூற்றாண்டுக்கு முன் புதுமையாய் இருந்தது, இப்பொழுது காத்தற்குரிய முன்னோர் மரபாயிற்று. அவ்வாறே 1806இல் பனிமய மாதாவிற்குச் சாதித்தலைவர் செய்தளித்த பொன்தேரில், அதனினும் பழைய தமிழ்க்கோயில் மரபு மீண்டும் தலைகாட்டியது.

இனி, இத்துறையின் தென்கோடிக்கு அப்பால் தென்திருவிதாங்கூரில் நிகழ்ந்த தோள்சீலைக் கலகத்தை நோக்குவோம். அங்கு நாடார் முதலிய குலத்துப் பெண்கள் மேற்குலத்தார்முன் மார்பை மறைத்தல் கூடாது என்பது வழக்காயிருந்தது. கிறித்தவம் தழுவிய பெண்கள் 1820களில் மேலாடை அணியத் தொடங்கியபோது சந்தைகளில் அவர்களது ஆடை கிழிக்கப்பட்டது. 1829ஆம் ஆண்டின் அரசாணை கிறித்தவப் பெண்கள் குப்பாயம் அணியலாம் என்றது. மேற்குலப் பெண்களைப்போல் தோளில் சீலையிடுதலை மட்டும் தடுத்தது. 1858இலும் 1859இலும் கலகம் மீண்டும் மூண்டது. சென்னை ஆளுநர் திரெவெலியனின் வற்புறுத்தலுக்குப்பின் 1859 சூலையில் மற்றோர் ஆணை பிறந்தது. நாடார் பெண்கள் கிறித்தவப் பெண்களைப்போல் குப்பாயம் அணியலாம்; அன்றி முக்குவப் பெண்களைப்போல் முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம்; ஆனால் மேற்குலப் பெண்களைப்போல் உடுத்தலாகாது என்பது அவ்வாணை.

அரசுக்கு அச்சம் தந்தது மார்பை மறைத்தல் அன்று என்பது இதனால் விளங்கும். தைத்த குப்பாயம் அயலாரது, மீனவப் பெண்ணின் துணி தாழ்ந்தாரது, இவ்விரண்டும் பொறுக்கத்தக்கன. மேற்குலத்தாரது பழைய உடுக்கை ஒன்றே பொறுக்கலாகாதது. அப்பெண்களோ அதனையே வேண்டினர். பிரெஞ்சுப் புரட்சிக்குப்பின் பாரிசு நகரத்துச் செல்வமகளிர் கிரேக்க உரோமப் பழங்கோலத்தை விரும்பி, இந்திய மசுலின் துணியை உயர்ந்த இடைக்கட்டுடன் உடுத்தனர். அங்குப் பழமையை உடுத்தற்குப் பணம் போதுமானதாயிருந்தது. இங்கோ அடிபட நேர்ந்தது.

சுதேசி இயக்கம் தூத்துக்குடிக்குப் புதியதொரு காலத்தைக் கொணர்ந்தது. வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906இல் சுதேசிக் கப்பற்கழகம் தோற்றுவித்ததை யாவரும் அறிவர். அவரது தரும சங்க நெசவுசாலையை அறிந்தோர் அத்துணைப் பேர் இலர். கப்பலை அந்நியரிடம் வாங்குதல் கூடும். உடுக்குந் துணியை இங்கேயே நெய்தல் வேண்டும் என்பது அம்முயற்சியின் கருத்து எனலாம். அதே ஊரில் வெள்ளையர் உடைமையாய் இருந்த கோரல் நூற்பாலையின் தொழிலாளர் 1908 பெப்ரவரி 27இல் வேலைநிறுத்தஞ் செய்து கூலியுயர்வு பெற்றனர். அந்நாட்களில் அந்நியர் பக்கம் நின்றோர்க்குச் சவரத்தொழிலாளர் சவரஞ்செய்ய மறுத்தனர்; சலவைத்தொழிலாளர் துணி வெளுக்க மறுத்தனர். வெளுத்த வேட்டியும் மழித்த முகமும் பிறர் உழைப்பால் வருவன என்பதை ஊரார் அன்று கண்டனர்.

ஆயினும் அக்காலத்துத் தேசபக்தர் தைத்த உடையைத் துறந்தாரில்லை. எட்டயபுரத்தில் பிறந்த பாரதியார் தலைப்பாகையோடு கோட்டு அணிந்த கோலத்திலேயே நம் நினைவில் நிற்கிறார். சட்டையையே துறக்கும் நிகழ்ச்சி 1921 செப்டம்பர் 22ஆம் நாள் மதுரையில் நடந்தது. காந்தியடிகள் அன்று சட்டையும் தொப்பியும் நீக்கி அரையாடை மேற்கொண்டார். நொபிலி அங்கி களைந்ததும் அதே மதுரையில்தான். இருவரும் விரும்பியே உடையைக் களைந்தனர்; அதனால் உயர்ந்தனர். எளியோர்க்குக் கதர்ச்சட்டை வாங்கவும் இயலவில்லை என்பதே அடிகளின் துயரம். அதன் தூய்மையில் ஐயமில்லை. ஆனால் 1859ஆம் ஆண்டின் ஆணைக்கும் அந்நாளுக்கும் இடையே 62 ஆண்டுகளே உள்ளன. கலகத்தில் சீலை கிழிபட்ட பெண்களின் மக்களும் பேரரும் அன்று உயிரோடிருந்தனர். வெற்றுடம்பு அவர்களுக்குத் துறவாகத் தோன்றியிராது. அவர்கள் வீட்டுப் பெட்டியில் இருந்த குப்பாயமே விடுதலையாகத் தோன்றியிருக்கும். நாட்டின் பழைய உடை என்று பொதுப்படக் கூறுவோர் இவ்வேறுபாட்டைக் கருதுதல் வேண்டும்.

முதலிற் கூறிய காதணிக்கு மீள்வோம். நெல்லைச் சீமையில் பெண்கள் இளமையிலேயே காதைத் துளைத்து, தோளைத் தொடுமளவு வளர்த்துப் பாம்படமும் தண்டட்டியும் அணிந்தனர். பள்ளிக்கல்வி பரவியபோது வடிந்த காது நாகரிகமற்றதாக எண்ணப்பட்டது. சிறுமியரின் காதை வளர்ப்பது நின்றது. வளர்ந்த காதை அறுத்து ஒட்டத் தைத்துக்கொண்டவர்களும் உண்டு. பாம்படங்கள் உருக்கப்பட்டுச் சங்கிலிகளாயின. இன்று பாம்படத்தின் வடிவம் சிறிய தொங்கலாக நகைக்கடைகளுக்கு மீண்டும் வந்திருக்கிறது. அதனை அணியக் காதை வளர்க்க வேண்டுவதில்லை. ஊசிமுனையளவு துளை போதும். வாங்கும் பெண்களுட் சிலருடைய பாட்டிமார், காது தைத்த தழும்பைத் தலைமுடியால் மறைத்துக்கொண்டு வாழ்ந்தவர்கள்.