குலசையிலிருந்து நேர் தெற்கே

போன மாதம் லிப்டுக்குக் காத்திருந்தபோது மூன்றாம் மாடிப் பையன் ஒருவன் என்னைப் பிடித்துக்கொண்டான். "தாத்தா, ஸ்ரீஹரிகோட்டா இருக்கும்போது நம்ம குலசையில எதுக்கு ராக்கெட் தளம்?" லிப்டு வருவதற்குள் சொல்லி முடிக்கக்கூடிய பதில் இல்லை. அதனால் உங்கள் எல்லோருக்குமாகவே இங்கே எழுதிவிடுகிறேன். வங்கியில் கணக்கு எழுதியவன், பி.காம். படித்தவன், விஞ்ஞானி அல்ல. ஆனால் ராக்கெட் செய்தி என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே தனி ஆசை.

முதலில் தும்பா. 1963 நவம்பர் 21 அன்று திருவனந்தபுரம் அருகே அந்த மீனவக் கிராமத்திலிருந்துதான் நம் நாட்டின் முதல் ராக்கெட் கிளம்பியது. அது அமெரிக்காவின் நைக்-அப்பாச்சி. காந்த நடுக்கோடு அவ்வழியே போவதால் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். மாதா கோயில் அலுவலகம் ஆனது. மீனவக் குடும்பங்கள் வேறிடம் போயின. ஆனால் செயற்கைக்கோளைக் கிழக்கு நோக்கி ஏவினால்தான் பூமி சுழலும் வேகமும் சேர்ந்து உதவும். தும்பாவுக்குக் கிழக்கே நாமெல்லாம் குடியிருக்கிறோமே! அதனால் 1969-ல் கிழக்குக் கடற்கரையில் ஸ்ரீஹரிகோட்டாவைப் பார்த்தார்கள்.

அங்கிருந்து 1979 ஆகஸ்ட் 10 அன்று கிளம்பிய எஸ்.எல்.வி.-3 வங்காள விரிகுடாவில் விழுந்தது. 1980 ஜூலை 18-ல் 35 கிலோ ரோகிணி சுற்றுப்பாதைக்குப் போய்ச் சேர்ந்தது. நான் மாணவனாக இருந்த காலம் அது. திட்ட இயக்குநர் ராமேஸ்வரத்துக்காரர் அப்துல் கலாம் என்பதில் எங்கள் வகுப்பு முழுக்கப் பெருமை.

இப்போது பையனின் கேள்விக்கு வருகிறேன். அட்லஸை எடுத்து விரல் வையுங்கள். ஸ்ரீஹரிகோட்டா 80 டிகிரி தீர்க்கரேகையை ஒட்டி இருக்கிறது. அங்கிருந்து நேர் தெற்கே விரலை இழுத்தால் இலங்கை வந்து நிற்கும். பூமியைப் படம் எடுக்கும் செயற்கைக்கோள்கள் வடக்கு தெற்காகத் துருவங்களைச் சுற்ற வேண்டியவை. இலங்கை மேல் ராக்கெட் பாகம் விழக்கூடாது என்பதால் முதலில் தென்கிழக்கே போய், பிறகு தெற்கே திரும்புகிறார்கள். பி.எஸ்.எல்.வி. பெரிய ராக்கெட், அந்த எரிபொருள் செலவைத் தாங்கும். சின்ன ராக்கெட்டுக்கு அப்படியில்லை, கைச்சரக்கே குறைந்துவிடும். முதல் குறைவாக உள்ள வியாபாரிக்குச் சுங்கம் கட்டுப்படியாகாத கதைதான்.

குலசை 78 டிகிரியில் இருக்கிறது. தெற்கே விரலை இழுங்கள்: இலங்கை கிழக்குப் பக்கம், மாலத்தீவு மேற்குப் பக்கம், நடுவில் அண்டார்டிகா வரை வெறும் கடல். நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் குலசை வந்தது என்று பலர் சொல்கிறார்கள். துருவப் பாதைக்கு அதனால் லாபம் இல்லை. திறந்த தென்கடல்தான் காரணம்.

இங்கே வரப்போவது 34 மீட்டர் உயர, 120 டன் எஸ்.எஸ்.எல்.வி. 2022 ஆகஸ்ட் 7-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அதன் முதல் பயணம். சென்சார் கோளாறால் 356-க்கு 76 கிலோமீட்டர் என்ற பாதையில் கொண்டுபோய் விட்டது. 76 கிலோமீட்டரில் காற்று இருக்கிறதே, செயற்கைக்கோள்கள் உடனே கீழிறங்கி அழிந்தன. அதில் ஒன்று 750 அரசுப் பள்ளி மாணவிகள் சேர்ந்து செய்த ஆசாதிசாட். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் 2023 பிப்ரவரி 10-ல் ஆசாதிசாட்-2 மேலே போய்விட்டது!

2024 பிப்ரவரி 28-ல் பிரதமர் அடிக்கல் நாட்டினார். அன்றே இங்கிருந்து ரோகிணி ஆர்.எச்.-200 என்ற சிறு ராக்கெட்டும் பறந்தது. 2025 ஆகஸ்டில் ஏவுமேடைக்குப் பூமி பூஜை. பெயர் குலசை என்றாலும் 2,233 ஏக்கர் நிலம் மாதவன்குறிச்சி, படுக்கப்பத்து, பள்ளக்குறிச்சிப் பக்கம்.

கணக்கு எழுதியவன் பற்றுப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவும் நாட்களில் பழவேற்காட்டு மீனவர்கள் கடலுக்குப் போக முடியாது. ஏற்கெனவே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை இருக்கிறது. மணப்பாடு, பெரியதாழை, ஆலந்தலைக்காரர்களுக்கு இன்னும் எத்தனை நாள் கரையில் இருப்பு, அதற்குக் கூலி யார் தருவது என்பதை முதல் ராக்கெட்டுக்கு முன்பே எழுத்தில் முடிவுசெய்துவிட வேண்டும் என்பது என் கட்சி. நம் வாசலுக்கு நெத்திலி கொண்டுவரும் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். என்னைவிட விவரமாகச் சொல்வார்.

ஏவும் நாளில் நம் மொட்டைமாடியில் நின்றால் தெற்கும் தென்மேற்குமாகப் பார்க்க வேண்டும். அங்கே தண்ணீர்த் தொட்டி மறைக்கிறது. சாவியைச் செயலாளர் தந்தால் தொட்டிக்கு அந்தப் பக்கம் பத்துப் பேர் தாராளமாக நிற்கலாம். நான் அளந்து பார்த்துவிட்டேன்.