கலை காத்த தமிழர்: ஆனந்த குமாரசுவாமி

பங்குனி உத்திரத்துக்குப் பழனி நோக்கிச் செல்லும் காவடிகளைப் பற்றி நெய்க்காரப்பட்டி அன்பர்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. தச்சர் இழைத்த தண்டும், வளைவும், அதில் செதுக்கிய மயிலும் பூவும் நாம் கண்டு வளர்ந்தவை. தோளில் இருக்கும்வரை காவடி வழிபாட்டுப் பொருள். பரணில் ஏறிவிட்டால் அது பழம்பொருள். பழைய சாமான் வாங்குபவரின் வண்டிக்குப் போனால் சரக்கு. என்றோ ஒருநாள் தொலைதூர நகரமொன்றின் கண்ணாடிப் பேழைக்குள் புகுந்துவிட்டால் அதுவே கலை! பொருள் ஒன்றுதான், இடம் மாற மாற அதன் பெயரும் மதிப்பும் மாறுகின்றன. இந்த மாற்றத்தின் பொருளென்ன என்று வாழ்நாள் முழுதும் சிந்தித்த தமிழர் ஒருவர் உண்டு. அவரே அத்தகைய பொருள்களைத் தேடித் தொகுத்தவர். கடல் கடந்து கொண்டு சென்றவர். முப்பதாண்டுக் காலம் அவற்றைக் காத்தவர். நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு மலரில் அப்பெருமகனாரின் வரலாற்றை நினைவுகூர்தல் பொருத்தமுடையது என எண்ணுகிறேன்.

ஆனந்த கெந்திசு குமாரசுவாமி 1877 ஆகஸ்டு 22ஆம் நாள் கொழும்பில் பிறந்தார். தந்தையார் யாழ்ப்பாணத் தமிழ்க் குடியில் தோன்றிய சர் முத்து குமாரசுவாமி. இலங்கைச் சட்டநிரூபண சபையில் உறுப்பினராக வீற்றிருந்தவர். அரிச்சந்திரன் கதையை 1863இல் ஆங்கிலத்தில் தந்தவர். சர் பொன்னம்பலம் இராமநாதனும் சர் பொன்னம்பலம் அருணாசலமும் ஆனந்தருக்கு அத்தை மக்கள். தாயார் எலிசபெத் கிளே பீபி இங்கிலாந்தின் கென்ட் பகுதியைச் சேர்ந்தவர். 1879இல் தந்தையார் மறைந்தார். குழந்தை இங்கிலாந்திலேயே வளர்ந்தது. தமிழ்ச்சூழலில் வாழும் வாய்ப்பை இழந்த அப்பிள்ளை பிற்காலத்தில் தில்லைக் கூத்தனின் தத்துவத்தை உலகுக்கு விளக்கியது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று எனலாம்.

கலை அவர் பயின்ற துறையன்று. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நிலவியலும் தாவரவியலும் பயின்று 1900இல் பட்டம் பெற்றார். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிமவள ஆய்வுத் துறையின் இயக்குநராகப் பணியாற்றினார். தோரியனைட் என்னும் கனிமத்தை 1904இல் கண்டறிந்தவரும் அவரே. பாறைகளைத் தேடி ஊரூராகச் சென்றவரின் கண்ணில் வேறொன்று பட்டது. கண்டிப் பகுதியில் கொல்லரும் தச்சரும் நெசவாளரும் ஓவியரும் தலைமுறை தலைமுறையாகக் கற்ற தொழிலைக் கைவிட்டுக்கொண்டிருந்தனர். ஆலைச் சரக்கு அவர்தம் வயிற்றில் அடித்தது. மேனாட்டு நாகரிக மோகம் அவர்தம் மதிப்பைக் குலைத்தது. ஆனந்தர் அவர்களிடம் அமர்ந்து முறைகளைக் கேட்டு எழுதினார். அவருடைய மனைவி எதெல் நிழற்படங்கள் எடுத்தார். அவ்வுழைப்பின் பயன் 1908இல் வெளிவந்த ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்னும் ஆங்கிலப் பெருநூல். வில்லியம் மாரிசு பயன்படுத்திய கைஅச்சுப் பொறியிலேயே அந்நூலை அச்சிட்டார்; 425 படிகளே வந்தன. கைத்தொழிலின் பெருமையைக் கூறும் நூல் கைத்தொழிலாகவே அமைய வேண்டும் என்னும் அவருடைய பிடிவாதம் நூல் வெளியிடுவோராகிய நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது.

அக்காலத்தில் இந்தியக் கலைக்கு இருந்த மதிப்பை ஒரு நிகழ்ச்சியால் அறியலாம். 1910இல் இலண்டனில் நடந்த கூட்டமொன்றில், இந்தியக் கைவினைகளைப் பற்றி நூல் எழுதிய சர் ஜார்ஜ் பேர்ட்வுட் என்பாரே, சாவகத்துப் புத்தர் படிமம் ஒன்றை வேகவைத்த மாவுப் பண்டத்துக்கு ஒப்பிட்டு எள்ளினார். கைவினைப் பொருள்களைப் புகழ்ந்தவருக்கும் நம் சிற்பம் உயர்கலையாகத் தோன்றவில்லை! அதற்கு எதிர்ப்புத் தெரிவித்தோர் கூடி அவ்வாண்டிலேயே இந்தியக் கழகத்தை நிறுவினர். ஈ.பி. ஹேவல், வில்லியம் ரோதன்ஸ்டைன் ஆகியோருடன் ஆனந்தரும் அதில் முன்னின்றார்.

அடுத்து அவர் செய்த பணியே நம் கட்டுரைக்கு உயிர்நாடி. 1910–11இல் அலகாபாத்தில் நடந்த பெரும் பொருட்காட்சியின் கலைப்பிரிவு அவர் பொறுப்பில் அமைந்தது. அதையொட்டி வட இந்தியாவெங்கும் பயணம் செய்து ஓவியங்களைத் திரட்டினார். இராசபுத்தானத்திலும் பஞ்சாப் மலைநாட்டிலும் அக்காலத்தில் பெரிதாக மதிக்கப்படாதிருந்த சிற்றோவியங்கள் அவை. அவற்றை மொகலாய ஓவியத்தின் கடைக்கிளை என்றே அறிஞர் கருதி வந்தனர். ஆனந்தர் ஒவ்வொன்றாக ஒப்புநோக்கினார். கோடு, வண்ணம், கருப்பொருள் ஆகியவற்றைக் கொண்டு வகைப்படுத்தினார். அரசவை வாழ்வைத் தீட்டிய மொகலாய மரபுக்கு வேறாக, கண்ணன் காதலையும் பருவங்களையும் இராகங்களையும் தீட்டிய தனிமரபு ஒன்று உண்டென நிறுவினார். 1916இல் இரு தொகுதிகளாக வெளிவந்த ‘இராசபுத்திர ஓவியம்’ அம்மரபுக்குப் பெயரும் பிறப்புச் சான்றும் அளித்தது. அவருடைய முடிபுகள் சில பின்னாளில் திருத்தப்பட்டன. அவர் வகுத்த வழி நிலைத்தது. ஒரு பொருளை வாங்கி வைப்பவர் செல்வர். அஃது எது, எவ்விடத்தது, எக்காலத்தது, எவருக்காக ஆக்கப்பட்டது என்று சொல்ல வல்லவரே காப்பாட்சியர். அவ்வகையில் ஒரு பதவியும் கிட்டுமுன்பே அவர் காப்பாட்சியராகிவிட்டார்.

தாம் திரட்டிய செல்வத்தை நாட்டுக்கே அளிக்க அவர் விரும்பினார். காசியில் தேசிய அருங்காட்சியகம் ஒன்று அமைக்கப் பொருள் திரண்டால் தொகுப்பு முழுவதையும் தருவதாக முன்வந்தார். பொருள் திரளவில்லை, கட்டடமும் எழவில்லை. முதல் உலகப் போர் மூண்டது. அடிமைப்பட்ட நாட்டினர் ஆள்வோருக்காகப் போரிடல் தகாது என்ற கொள்கையால் படைப்பணியை மறுத்தார். 1917இல் அமெரிக்கா சென்றார். டென்மன் ராசு என்னும் செல்வர் ஓவியத் தொகுப்பை வாங்கிப் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்கு வழங்கினார். தொகுப்புடன் தொகுத்தவரும் அங்கே சென்றார். இந்தியக் கலைப் பிரிவின் காப்பாளராக அமர்ந்தார்.

மூன்றே ஆண்டுகள் கழித்து, 1920இல், அதே காசியில் இராய் கிருஷ்ணதாசர் பாரத கலா பவனத்தைத் தோற்றுவித்தார். தில்லியில் தேசிய அருங்காட்சியகம் 1949இல்தான் தொடங்கிற்று. காலம் சற்றே முந்தியிருந்தால் காங்கரா ஓவியங்களைக் காணப் பாஸ்டனுக்குச் செல்ல வேண்டியிருந்திராது என்று எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. கொண்டு சென்றவரைக் குறை கூறுவோர் உளர். கொடுக்க வந்தபோது கைந்நீட்டாத நம்மவரையும் அக்கணக்கில் சேர்த்தல் வேண்டும்.

பாஸ்டனில் அவர் வாளா இருக்கவில்லை. 1923 முதல் இந்தியப் பிரிவின் பொருள் விளக்கப் பட்டியல்களைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். 1927இல் வந்த ‘இந்திய, இந்தோனேசியக் கலை வரலாறு’ நெடுங்காலம் மாணவர்க்கு அடிப்படை நூலாக விளங்கியது. தமிழருக்கு மிக நெருக்கமானது அவருடைய ‘சிவ நடனம்’. 1912இல் ‘சித்தாந்த தீபிகை’யில் முதலில் வெளிவந்து, 1918இல் நியூயார்க்கில் வெளியான கட்டுரைத் தொகுதிக்குத் தலைப்பாயிற்று அக்கட்டுரை. திருமந்திரமும் உண்மை விளக்கமும் அதில் சான்றுகளாக நிற்கின்றன. அழகிய வெண்கலப் பொம்மை என்று மேனாட்டார் நோக்கிய ஆடவல்லானின் துடியும் தீயும் அபயக்கரமும் ஊன்றிய பாதமும் தூக்கிய திருவடியும் ஐந்தொழிலைக் குறிப்பன என்று அவர் விளக்கினார். சென்னை அருங்காட்சியக நடராசர் படிமங்களின் நிழற்படங்களைக் கண்டு சிற்பி ரொதான் வியந்து எழுதியது, ஆனந்தர், ஹேவல் ஆகியோரின் கட்டுரைகளுடன் 1921இல் பாரிசில் ஒரே நூலாக வெளிவந்தமையும் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

இத்துணைக் காலம் அருங்காட்சியகத்தில் வாழ்ந்தவர், அருங்காட்சியகத்தையே ஐயுற்றார் என்பதே அவர் வாழ்வின் மெய்யான சுவை. கலைப்பொருள்களைக் காட்சிக்கு வைப்பது ஏன் என்ற வினாவையே தலைப்பாகக் கொண்டு 1943இல் நூல் வெளியிட்டார். பயனுக்காகவே பொருள்கள் ஆக்கப்பட்டன என்பதும், பயன் மறந்து அழகை மட்டும் சுவைப்பது பாதியறிவு என்பதும், காப்பாட்சியரின் கடமை காண்போரை மகிழ்விப்பதினும் அறிவூட்டுவதே என்பதும் அவர்தம் கொள்கை. பழைய தொழிற்குலங்களை அவர் மிகையாகப் போற்றினார். அவ்வமைப்புக்குள் கைவினைஞர் பட்ட வறுமையையும் சாதித்தளையையும் போதிய அளவு எண்ணினாரில்லை என்னும் திறனாய்வு நியாயமானதே. ஆயினும் ஆக்கியவன் கையை மறவாமல் பொருளை நோக்கக் கற்பித்தவர் அவர்.

அக்கல்வியின் தேவை இன்று மிகுந்துள்ளது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடப்பட்ட நடராசரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் ஏறத்தாழ 50 இலட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. விற்றவர் நியூயார்க்கில் கலைக்கூடம் நடத்திய சுபாஷ் கபூர். படிமம் 2014இல் நாடு திரும்பியது. கபூருக்குக் கோயில் சிலைத் திருட்டு வழக்கொன்றில் கும்பகோணம் நீதிமன்றம் 2022இல் 10 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. ஆனந்தரும் கபூரும் நம் பொருள்களை ஒரே நாட்டுக்குக் கொண்டு சேர்த்தவர்களே. முன்னவர் பொருளின் பிறப்பை எழுதி வைத்தார். பின்னவரின் வணிகம் அப்பிறப்பை மறைத்துப் பொய்ச்சான்று காட்டியது. காவலுக்கும் களவுக்கும் இடையே நிற்கும் வேலி ஓர் ஏட்டுக்குறிப்புத்தான் என்பது இதனால் விளங்கும். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பழைய நிழற்படங்களே திருட்டுப் போன படிமங்கள் பலவற்றை அடையாளம் காட்டி மீட்க உதவின.

1947 ஆகஸ்டு 15இல் தாய்நாடு விடுதலை பெற்றது. அடுத்த வாரம் தம் எழுபதாம் பிறந்தநாள் விருந்தில், பணி ஓய்வுக்குப்பின் இந்தியா திரும்பி வாழ விரும்புவதாக அவர் தெரிவித்தார். செப்டம்பர் 9ஆம் நாள் மாசசூசெட்ஸ் மாநிலத்து நீடம் ஊரில் காலமானார். அவர் திரட்டிய ஓவியங்களைப் போலவே அவரும் வீடு திரும்பவில்லை.

அன்பர்களே, அருங்காட்சியகம் எழுப்பும் வலிமை நம் வட்டத்துக்கு இல்லை. ஆயின் ஒரு குறிப்பேடு தொடங்க எவர் தடுப்பார்? எவர் வீட்டுப் பரணில் எக்காலத்துக் காவடி உள்ளது, அதை இழைத்த தச்சர் யார், எல்லைக்கோயில் மண்குதிரையை வனைந்த வேளார் எவ்வூரார், இடிபடும் வீட்டின் நிலைக்கதவில் செதுக்கியிருப்பது என்ன என்பவற்றை நிழற்படத்துடன் எழுதி வைப்போம். பத்தாண்டுகள் பாடல்களைக் காத்த நாம், அடுத்த பத்தாண்டில் அப்பாடல்களுக்குப் பொருளாய் நின்றவற்றையும் காப்போமாக.